பொடுதலை: வரப்புக்கு ஒரு பச்சைப் பாய்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடக்கிறது திருவரங்கம். இந்தப் பக்கம் வாய்க்கால் கரை, வரப்பு, தென்னந்தோப்பு என்று எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் பொடுதலை. சின்ன இலை, அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டு. நிமிர்ந்த காம்பின் நுனியில் திப்பிலி மாதிரி ஒரு தலை, அதைச் சுற்றி வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பொடிப்பூ. நம் பாட்டிமார் இதன் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சிப் பொடுகுக்குத் தேய்த்தார்கள், துவையலும் அரைத்தார்கள். இன்றைக்கு அதையே களை என்று களைக்கொல்லி அடித்துக் கருக்குகிறோம்.

கருக்கிய பிறகு வரப்பு என்ன ஆகிறது? சித்திரை வெயிலில் வெடிக்கிறது. ஐப்பசி மழையில் கரைந்து வாய்க்காலில் விழுகிறது. அப்புறம் அண்டை வெட்ட ஆள் தேடி அலைகிறோம். களைக்கொல்லிக்கு ஒரு செலவு, ஆளுக்கு ஒரு செலவு. போன மேல்மண்ணுக்குக் கணக்கே இல்லை.

மூடாக்கு என்ற சொல்லை நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் பழக்கிவிட்டார். வைக்கோலும் சருகும் மக்கிப் போகும், மறுபடி போட வேண்டும். உயிர் மூடாக்கு தானே வளரும். ஜப்பானில் ஃபுகுவோகா அதற்கு வெள்ளை குளோவரை விதைத்தார். அது குளிர்ப் பிரதேசத்துச் செடி, திருச்சி வெயிலுக்கு நிற்காது. நமக்குப் பொடுதலை இருக்கிறது. வெள்ளத்தில் சில நாள் மூழ்கினாலும் பிழைக்கும். கோடையில் காய்ந்தது போல் கிடந்து, மழை பட்டதும் துளிர்க்கும். பூவுக்குத் தேனீ வரும். அதே ஜப்பானில் இந்தச் செடியில் தேர்ந்தெடுத்த ரகத்தைக் 'குராப்பியா' என்ற பெயரில் தரையை மூட விற்கிறார்கள்!

நடுவது சுலபம். கணுவுக்குக் கணு வேர் விடும் கொடி இது. மூன்று நான்கு கணு உள்ள சாண் நீளத் துண்டுகளை வெட்டி, ஓரடி இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வேர் பிடிக்கும் வரை ஈரம் காயக் கூடாது. நல்ல வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் மெலிந்துவிடும். உயரமான களைகளை மட்டும் ஆரம்பத்தில் கையால் பிடுங்கிவிட்டால் போதும், பிறகு பாய் தானே முட்டிக்கொள்ளும்.

ஆனால் எல்லை கட்டாயம். ஆஸ்திரேலியாவில் முர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் இதன் நெருங்கிய உறவான ஒரு செடி பரவி, மேய்ச்சல் புல்லை அமுக்கிப் பெரிய தொல்லையாகிவிட்டது. ஆகவே வயலுக்குள் விடாதீர்கள். வரப்பு, நடைபாதை, வளர்ந்த தென்னைகளின் இடைவெளி, இவை போதும். வாழைக்கன்று, காய்கறிச் செடிகளின் தூரிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிறுத்துங்கள். தாண்டி வரும் கொடியை மண்வெட்டியால் செதுக்கி எடுங்கள். வெட்டியது காய்ந்தபின் மூடாக்காகும். இன்னொன்று, இது பயறு வகை அல்ல, தழைச்சத்தை மண்ணில் சேர்க்காது. தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். சமையலுக்குப் பறிப்பதானால் சாக்கடைத் தண்ணீர் பாயாத இடத்தில் பறியுங்கள்.

இந்த ஆவணியில் பத்தடி வரப்பில் மட்டும் நட்டுப் பாருங்கள். பக்கத்துப் பத்தடியை வெறுமனே விடுங்கள். தை மாதம் இரண்டையும் மிதித்துப் பார்த்தால், எதில் மண் தங்கியிருக்கிறது என்று காலே சொல்லும். மீதி வரப்புக்கு நடுவதற்கான துண்டுகளும் அந்தப் பத்தடியிலேயே கிடைத்துவிடும்.