பொன் கொழித்த கைகள்

பச்சைமலைச் சிற்றூர்களில் பெண்டிர் முறமேந்திச் சாமை கொழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். தானியத்தைத் தூய்மை செய்வதைக் குறிக்கும் இச்சொல்லே, மணலை அரித்துப் பொன்னைப் பிரித்தலுக்கும் தமிழில் வழங்குகிறது. கனமானதை நிறுத்தி இலேசானதை விலக்கும் கைத்திறன் இரண்டிற்கும் பொதுவாகும்.

பொன் தேடிய வரலாற்றில் அத்திறனுக்குச் சான்று உண்டு. 1802இல் கோலார்ப் பகுதிக்கு நில அளவைப் பணியில் வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பத்தில் கண்டதை எழுதிவைத்தார். ஆடவர் குழியிலிருந்து எடுத்த கல்லைப் பெண்டிர் பாறைமேல் இட்டுப் பொடியாக்கினர். பின்னர் அது நீரில் அலசப்பட்டது. கல்லுக்குள் பொன் உண்டா என்பது அவர்தம் உழைப்பினாலேயே தெளிவாயிற்று.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு வந்தபின் இயந்திர ஆலைகள் அப்பணியை ஏற்றன. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டத் தமிழர் பலர் அங்குக் குடியேறி உழைத்தனர். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பெண்கள் நிலத்தடியில் பணிபுரிவதைத் தடுத்தது. பாதுகாப்பு கருதிய அத்தடை 2019இல் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. கோலார்ச் சுரங்கமோ 2001இலேயே மூடப்பட்டுவிட்டது.

பெண்கள் உழைத்து ஈட்டியதில் அவர்களுக்குப் பங்குண்டு என்பது திருமறை காட்டும் நெறி. அப்பங்கை வரலாற்று ஏட்டிலும் அளித்தல் நம் கடனாகும்.