"அப்பாகிட்ட போகமாட்டேன்!" – குழந்தை ஏன் அப்படிச் சொல்கிறது?

பிரிந்துவிட்ட தம்பதியரின் வழக்கில் நீதிபதியையே யோசிக்க வைப்பது குழந்தை சொல்லும் ஒரு வார்த்தைதான். "அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கலை." இது பிள்ளையின் சொந்த வார்த்தையா, யாராவது சொல்லிக் கொடுத்ததா?

பெற்றோரில் ஒருவர் மற்றவர் மீது குழந்தைக்கு வெறுப்பு வரும்படி செய்வதை 'பேரன்ட்டல் ஏலியனேஷன்' என்கிறார்கள். "உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா" என்று ஓதுவது, போன் வந்தால் கொடுக்காமல் இருப்பது, பார்த்துவிட்டு வந்த பிள்ளையைக் குடைந்து குடைந்து விசாரிப்பது... எல்லாம் இதில் சேர்த்தி. 1985-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் இதற்கு 'சின்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார். ஆனால், மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் தன் நோய்ப் பட்டியலின் சொல்லடைவிலிருந்து இந்தப் பெயரை எடுத்துவிட்டது.

வழக்கு எங்கே நடக்கும்?

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஊர் ஆரோவில். அங்கே அப்பா ஒரு நாடு, அம்மா வேறு நாடு என்றால்? 1890-ம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம்தான் கணக்கு. உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். ஆனால், ஒருவர் குழந்தையோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டால் சிக்கல் பெரிசு. அப்படிக் கொண்டுபோன குழந்தையைத் திரும்பப் பெற உதவும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை.

கோர்ட் என்ன பார்க்கிறது?

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கேட்கும். ஆனால், குழந்தையின் நலன்தான் முதலில். 21 மாதத்திலிருந்து அப்பாவிடமே வளர்ந்த எட்டு வயசுச் சிறுமியின் வழக்கில், 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஏலியனேஷன் பற்றியும் பேசியது. அவளுக்குத் தாயின் அரவணைப்பும் கிடைக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஒப்படைத்தது.

2024 மே மாதத் தீர்ப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 'இவர்தான் பிள்ளை மனசைக் கெடுத்தார்' என்று எடுத்த எடுப்பில் முத்திரை குத்தக் கூடாது, அப்படி நடந்துகொண்ட சம்பவங்கள் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றது. அப்பாவோடு இருக்க விரும்பிய இரண்டு பிள்ளைகளும் அவரிடமே இருந்தார்கள்.

இந்த ஜாக்கிரதை ஏன்? அடி வாங்கிய குழந்தையும் "போகமாட்டேன்" என்றுதான் சொல்லும்! அதை 'சொல்லிக் கொடுத்தது' என்று தள்ளிவிட்டால், அடித்தவர் கையிலேயே குழந்தையைக் கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது

குழந்தை பயந்தால் முதலில் பொறுமையாகக் கேளுங்கள். அடி, பாலியல் தொல்லை என்று தெரிந்தால் உடனே 1098-க்குப் போன் செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், போனில் பேச விடுங்கள், பார்க்கும் நாளைத் தட்டிக் கழிக்காதீர்கள். "அப்பாகிட்ட பணம் கேளு" என்று பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். தாத்தா பாட்டியும் அந்த வீட்டைப் பற்றிக் குழந்தை காதுபடப் பேச வேண்டாம். தேவையென்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் போகலாம்.

விவாகரத்து கணவன் மனைவிக்குத்தான். குழந்தைக்கு அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அப்பா, அம்மாதான்.