அடுப்படியே ஆலயம்!

காலையில் டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், ஆபீஸ் பஸ். மாலையில் வீட்டுப்பாடம், இரவுச் சமையல். 'இதற்கு நடுவே ஜெபிக்க ஏது நேரம்?' என்ற ஏக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. ஞாயிறு ஆராதனையில் உணர்ந்த தேவ பிரசன்னம் திங்கட்கிழமை காலையிலேயே விலகிவிட்டதுபோல் தோன்றும். 'நம் பக்தி அவ்வளவுதானோ' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

இந்தத் தவிப்புக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே விடை கண்டவர் ஒரு சமையல்காரர்.

பானைகளுக்கு நடுவே ஒரு துறவி

பிரான்ஸின் லொரேன் பகுதியில் பிறந்தவர் நிக்கோலா ஹெர்மான். முப்பது ஆண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயப்பட்டவர். நடையில் ஊனம் தங்கிவிட்டது. பிறகு ஒரு வீட்டில் பணியாளர். கைபட்டதையெல்லாம் உடைப்பவர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். 1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் ஆனார்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத வேலை அது. ஆனால், ஒவ்வொரு வேலையையும் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்வது என்று முடிவெடுத்தார். வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதுகூட அவருக்கு ஜெபமானது. ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற பிரிவே மறைந்தது.

பத்து ஆண்டு வறட்சி

இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் மனக்கலக்கத்தோடுதான் கழிந்தன. தன் பாவங்களை நினைத்து வருந்தினார். கடவுள் தன்னை ஏற்றுக்கொள்வாரா என்றே அஞ்சினார். வேலைக்கு நடுவே மனம் அலைந்து கடவுளை மறந்த நேரங்களும் உண்டு. மறந்துவிட்டோமே என்று நொந்துகொண்டு உட்காரவில்லை. தவறை ஒப்புக்கொண்டு, அமைதியாக மறுபடியும் அவர் பக்கம் திரும்பினார்.

1691இல் அவர் இறந்த பின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற வேறுபாடின்றி இன்றும் வாசிக்கப்படுகின்றன.

அழைத்தால் தங்குவார்

லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்குப் போகும் இரு சீடர்கள் வருகிறார்கள். உடன் நடப்பவர் உயிர்த்த இயேசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் நெருங்கியதும் அவர் மேலே நடக்கப் போகிறவர்போலக் காட்டிக்கொள்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று இவர்கள் வற்புறுத்தவே உள்ளே வருகிறார். அவர்கள் கண்கள் திறந்தது கோயிலில் அல்ல. சாப்பாட்டுப் பந்தியில், அவர் அப்பத்தைப் பிட்டபோது!

வீட்டிலேயே தொடங்கலாம்

* காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே, 'ஆண்டவரே, இன்று எங்களோடு இரும்' என்று ஒரு வரி சொல்லுங்கள். போனைக் கையில் எடுப்பதற்கு முன் சொன்னால் இன்னும் நல்லது.

* பிடிக்காத வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவதோ, துணி மடிப்பதோ எதுவானாலும் சரி. அதை அவருக்காகச் செய்வதாக நினைத்துச் செய்யுங்கள்.

* கோபத்தில் பிள்ளைகளிடம் கத்திவிட்டீர்களா? இரவு ஜெபம்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே அவரிடம் திரும்புங்கள். பிள்ளையிடமும் 'ஸாரி' சொல்லுங்கள்.

* இரவு உணவின்போது, அன்று நன்றி சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை ஆளுக்கொன்றாகப் பகிருங்கள்.

குடும்ப ஜெபமும் ஞாயிறு ஆராதனையும் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அங்கே வணங்கும் ஆண்டவரை மற்ற ஆறு நாளும் வாசலிலேயே நிறுத்திவைக்காமல், வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதுதான்.