அரசுப் பள்ளியில் நன்கொடை: கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது

ஜூன் மாதத்தில் பெயர்பெற்ற சில அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போனால் பார்க்கலாம். தலைமையாசிரியர் அறைக்குள் சேர்க்கை நடக்கும். வெளியே வராந்தாவில் ஒரு மேசை போட்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். “பி.டி.ஏ.வைப் பார்த்துட்டு வந்துடுங்க” என்று உள்ளேயிருந்து அனுப்புவார்கள். ஆறாம் வகுப்பில் மகளைச் சேர்க்க வந்த அம்மா, பர்ஸில் இருப்பதை எண்ணிப் பார்த்துக் கொடுப்பார். ரசீதில் ‘விருப்ப நன்கொடை’ என்றிருக்கும். விருப்பம் யாருடையது என்று அதில் போடுவதில்லை.

எல்லாப் பள்ளிகளிலும் இப்படி நடப்பதில்லை. நடக்கும் இடத்தில் பெற்றோர் கேள்வி கேட்பதும் இல்லை. சீட்டு கிடைத்ததே பெரிது என்று போய்விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு வரையிலான படிப்புக்குப் பொருந்தும். அதன் 13-ஆம் பிரிவின்படி, பிள்ளையைச் சேர்க்கும்போது தலைக்கட்டணம் வாங்கக் கூடாது. அறிவிக்கப்பட்ட கட்டணம் போக, நன்கொடை என்றோ பங்களிப்பு என்றோ எந்தப் பெயரில் வாங்கினாலும் அது தலைக்கட்டணம்தான். மீறினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. பள்ளிக்கு மட்டுமல்ல, எந்த நபருக்கும் இந்தத் தடை உண்டு. எனவே “நாங்கள் வாங்கவில்லை, கழகம்தான் வாங்குகிறது” என்ற சமாதானம் எடுபடாது. 

வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ பிள்ளை மாறும்போது மாற்றுச் சான்றிதழை (டி.சி.) உடனே தரவேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. தாமதித்தால் தலைமையாசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். கழகச் சந்தா பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தி வைக்க முடியாது.

எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டம் வராது. அங்கேயும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டாயம் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர எவரும் முன்வர மாட்டார்கள்.

தலைமையாசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. துப்புரவுக்கு ஆள் வேண்டும், இரவுக் காவலர் வேண்டும், வினாத்தாள் நகலெடுக்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் பராமரிப்பு மானியம். ஆயிரத்துக்கு மேல் இருந்தால் ஒரு லட்சம். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சிறிய பள்ளிக்குக் கூடுதல்போலத் தோன்றும். ஆனால் கழிவறை அடைப்பும் மோட்டார் பழுதும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1,200 பேர் படிக்கும் நகரத்துப் பள்ளியில் பிள்ளைக்கு 500 ரூபாய் வசூலித்தால் ஆறு லட்சம் சேரும். அதில் ஒரு கணினி ஆசிரியருக்கும் இரண்டு துப்புரவாளர்களுக்கும் ஆண்டு முழுக்கத் தொகுப்பூதியம் கொடுக்கலாம். போதாததற்குக் கடைத்தெரு வணிகர்கள், வெளிநாட்டிலிருக்கும் முன்னாள் மாணவர்கள், வெள்ளிவிழா பேட்ச்காரர்கள் என்று வரிசையில் நிற்பார்கள். அதே வட்டாரத்தில் 28 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அதே 500 ரூபாயைக் கேட்டால் 14,000 வரும். ஆனால் கேட்கவே முடியாது, பெற்றோரில் பெரும்பாலோர் நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள். பினாயிலும் துடைப்பமும் பல இடங்களில் தலைமையாசிரியையின் சம்பளத்திலிருந்துதான் வருகின்றன. முன்னாள் மாணவர்கள் இந்தப் பள்ளிக்கும் உண்டு. ஆனால் அவர்களில் வசதி கண்டவர்கள் தங்கள் பள்ளி என்று நினைப்பது பிளஸ் டூ முடித்த நகரத்துப் பள்ளியைத்தான்.

இரண்டும் அரசுப் பள்ளிகள், இரண்டிலும் ஒரே பாடப்புத்தகம், ஒரே சத்துணவு. வித்தியாசம் பெற்றோரின் சட்டைப்பையில் தொடங்குகிறது. எங்கே ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறதோ அங்கேதான் நன்கொடையும் போய்ச் சேர்கிறது.

கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரே சேர்ந்து மேசையும் நாற்காலியும் கொடுத்தது. இன்றும் கிராமங்களில் மேளதாளத்தோடு கல்விச் சீர் எடுத்துவருகிறார்கள்: பீரோ, மின்விசிறி, தட்டு, டம்ளர், ஒரு குடம். அது விரும்பிக் கொடுப்பது, ஊர் பார்க்கக் கொடுப்பது. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆசிரியர் பணியிடத்தையும் கழிவறையையும் நன்கொடையில் நிரப்பப் பழகினால்தான் ஆபத்து. அவை அரசின் கடமை. வசதியுள்ள பெற்றோர் தங்கள் பள்ளியில் அந்தக் குறையை மூடிவிட்டால், அதிகாரியின் காதில் விழும்படி கத்தக்கூடியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சிறிய பள்ளிக்காகக் கேட்க ஆளிருக்காது.

என்ன செய்யலாம்? பெற்றோர் கையில் உள்ள பெரிய ஆயுதம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அரசு மானியம் மட்டுமல்ல, வேறு எந்த வழியில் வந்த நிதியும் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பது இந்தக் குழுவின் வேலை. பி.டி.ஏ. கணக்கைக் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு வசூல், எந்த வங்கிக் கணக்கு, யாருக்குச் சம்பளம் என்ற விவரம் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். தராவிட்டால், பள்ளியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

கட்டாய வசூல் என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லலாம், முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ரசீதின் படமும் தேதியும் கையில் இருக்கட்டும். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் நாலு பெற்றோராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய இது போதாது, பணம் பள்ளி விட்டுப் பள்ளி நகரவேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஒரு பள்ளிக்காகப் பெற்றோர் திரட்டும் நிதி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கை வசதி குறைந்த பள்ளிகளுக்கான பொது நிதிக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு பல ஆண்டுகள் இருந்தது. இங்கேயும் ஒன்றிய அளவில் அப்படியொரு பொது நிதி வைக்கலாம். பெரிய பள்ளிகள் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் கொடுப்பவரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். முன்னாள் மாணவர்களே, அடுத்தமுறை பேட்ச் சந்திப்பில் கைசேரும் தொகையில் ஒரு பகுதியை, நீங்கள் அ, ஆ எழுதிய தொடக்கப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். கொடுக்கும் முன் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழு தயாரித்த வளர்ச்சித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். என்ன தேவை என்பது அதில் இருக்கும்.