மென்காற்றில் பட்டப் பலகைச் சவாரி

பட்டம் மேலெழக் காற்று வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிவர். அதே பட்டம் ஒரு மனிதனைப் பலகையின்மீது நிறுத்திக் கடல்நீரின் மேல் இழுத்துச் செல்லவேண்டுமாயின், எவ்வளவு காற்று தேவைப்படும்? 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் இவ்விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெற்றபொழுது, உலகின் தலைசிறந்த வீரர்களும் காற்றை எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது. சில பந்தயங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

சாதனம் எளியதே. பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த லெகெய்னூ சகோதரர்கள், காற்றடைத்த குழாய்களால் விறைப்பாக நிற்கும் பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரினர். அது நீரில் வீழ்ந்தாலும் மூழ்காது, மீண்டும் எழுப்பலாம். சவாரி செய்பவர் இடுப்புக் கச்சையில் பட்டத்தைப் பிணைத்து, ஏறத்தாழ 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ள கயிறுகளை ஒரு குறுக்குத் தண்டினால் இயக்குவார்.

பட்டத்தின்மீது செயற்படும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. இவ்வொரு விதியிலேயே இவ்விளையாட்டின் இன்பமும் அபாயமும் அடங்கியுள்ளன. மணிக்கு 10 கடல் மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றில், 17 சதுர மீட்டர் பரப்புள்ள பட்டம் அசையாது நின்றால், தோராயமாக 28 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுப்பைத் தரும். காற்று 5 கடல் மைலாகக் குறைந்தால் இழுப்பு 7 கிலோகிராமாகச் சுருங்கும். 20 கடல் மைலாக உயர்ந்தாலோ 112 கிலோகிராமாகப் பெருகும்.

7 கிலோகிராம் இழுப்பினால் எவரையும் நகர்த்த இயலாது. ஆகவே சவாரி செய்பவர் பட்டத்தை ஓரிடத்தில் நிற்கவிடாமல், எட்டு என்ற எண்ணின் வடிவில் இடைவிடாது ஓட்டுகிறார். காற்றுக்குக் குறுக்கே, காற்றைப்போல் இரு மடங்கு வேகத்தில் அது பாய்ந்தால், அது உணரும் காற்றின் வர்க்கம் ஐந்து மடங்காகிறது. இழுப்பும் ஏறத்தாழ அவ்வாறே கூடுகிறது. காற்றில்லா மாலையில் பட்டக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளை செய்வதும் ஒருவகையில் இதுவே. ஆசிரியர்கள் இவ்வுதாரணத்தை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

புதிதாகப் பழகுவோர் இங்கே தவறிழைப்பர். இழுப்புக் குறைந்ததும் தண்டைத் தம்மை நோக்கி இழுப்பர். பட்டம் காற்றுக்கு அதிகமாக நிமிர்ந்து, அதன் மேற்பரப்பைத் தழுவிச்செல்லும் காற்றோட்டம் சிதறி, பின்னோக்கிச் சரிந்து நீரில் விழும். மென்காற்றில் அதை மறுபடி எழுப்புவது எளிதன்று. தண்டைச் சற்றுத் தளர்த்திப் பட்டத்தை ஓடவிடுவதே முறை. பரந்த பலகையும் உதவும். நீருக்கடியில் சிறு இறக்கை பொருத்திய பலகை இன்னும் சிறந்தது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையதாதலால், அச்சிற்றிறக்கையே பலகையை நீருக்கு மேலே தூக்கித் தடையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது.

மென்காற்றுக்கென எடுத்த பெரும் பட்டமே, காற்று மாறும்போது பகையாகிறது. இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையை ஒட்டிப் பரவி, மழைக்கு முன்னரே வந்து தாக்கும். அதற்குச் சற்று முன்பு காற்று அடங்கி நிற்பதும் உண்டு. வங்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வீசும் கால்வைசாகிப் புயலைக் கண்டவர்கள் இதை நன்கு அறிவர். அந்த அமைதியை நம்பி 17 சதுர மீட்டர் பட்டத்துடன் கடலில் நிற்பவருக்கு, மேலே கூறிய கணக்கின்படி, சில நொடிகளில் தம் எடையையும் விஞ்சிய இழுப்பு வந்து சேரும். கச்சையில் உள்ள அவசர விடுவிப்புக் கொக்கி இதற்காகவே அமைந்தது. தயங்காமல் அதை இயக்கினால் பட்டம் தன் ஆற்றலை இழந்துவிடும்.

கரையிலிருந்தே சிலவற்றை அறியலாம். காற்று மணிக்கு 7 முதல் 10 கடல் மைலை எட்டும்போது அலைமுகடுகள் உடையத் தொடங்கி, ஆங்காங்கே வெண்ணுரை தோன்றும். வெண்ணுரையே காணாத கடல், சிறு பட்டத்துக்குப் போதாது. கட்டிடங்களையும் மரங்களையும் கடந்துவரும் காற்று சுழித்துச் சுழித்து வரும். நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று கரையோரத்தில் மெதுவாகத் தோன்றினாலும், வெளியே செல்லச் செல்ல வலுக்கும். அங்கே பட்டம் விழுந்தவரைக் காற்று கரைக்குத் தள்ளாது, அப்பாலே கொண்டுபோகும். மீட்புப் படகு ஆயத்தமாக இல்லாத இடத்தில் அக்காற்றில் அனுபவசாலிகளும் இறங்குவதில்லை.