தரவு மையமும் வாவிக்கரை இளைஞரும்

தரவு மையம் என்னும் பெயர் செவியில் விழுந்தவுடன், அது கணினி கற்ற பட்டதாரிகள் மாத்திரமே புகத்தக்க இடம் என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். அவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. கைத்தொலைபேசியில் அனுப்பும் படமும், வங்கிக் கணக்கும், வைத்தியசாலைக் குறிப்பும் ஏதோ ஓரிடத்திற் சேமித்து வைக்கப்பட வேண்டும். அவற்றைத் தாங்கிய கணினிகள் ஆயிரக்கணக்கில், அடுக்கடுக்காக, இரவும் பகலும் ஓயாது இயங்கும் பெருங்கட்டடமே தரவு மையமாகும்.

இக்கட்டடத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று மின்தடை, மற்றொன்று வெப்பம். மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் பணி குலைந்துவிடும். ஆதலின், மின்தடை நேர்ந்த அக்கணமே மின்கலங்கள் சுமையை ஏற்கின்றன. சிறிது நேரத்தில் டீசல் மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கி, அச்சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. கணினிகள் உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருவதால், அவற்றுக்குட் செல்லும் காற்றைப் பொதுவாக 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் வைத்திருத்தல் வேண்டும். உலகத் தரவு மையங்கள் யாவும் 2024ஆம் ஆண்டில் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கை உட்கொண்டன எனச் சர்வதேச எரிசக்தி முகவரகம் கணித்துள்ளது.

இவ்விரு பகைவரையும் தடுத்து நிற்போர் யாவர்? மின்னிணைப்பாளர், குளிரூட்டித் திருத்துநர், மின்பிறப்பாக்கி இயக்குநர், குழாய் பொருத்துநர், வடம் இழுப்போர் ஆகிய தொழிலாளரே. இத்தொழில்கள் மட்டக்களப்புக்குப் புதியன அல்ல. எழுவான்கரையில் மீனைக் காக்க ஐஸ் செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. படுவான்கரை வயல்களின் நெல்லைக் குற்றும் ஆலைகளில் மின்மோட்டார்கள் சுழல்கின்றன. வாயுவை அமுக்கித் திரவமாக்கி, அதனை மீண்டும் ஆவியாகவிட்டு வெப்பத்தைக் கவர்வதே ஐஸ் தொழிற்சாலையின் தத்துவம். பெரிய தரவு மையத்தின் குளிரூட்டற் பொறியிலும் அதே தத்துவம் பயன்படுகிறது.

எனினும், கைத்திறன் உடைய பலர், அதனைக் காட்டும் சான்றிதழ் இல்லாமையால், வளைகுடா நாடுகளுக்குச் சாதாரண கூலியாட்களாகவே செல்கின்றனர். திறன் உடனிருந்தும் அதற்குரிய ஊதியம் கிடைப்பதில்லை. இக்குறையைத் தீர்க்கவே இலங்கையில் தேசிய தொழிற்றகைமை முறை வகுக்கப்பட்டது. அது ஏழு படிகளை உடையது: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. பாடசாலைக் கல்வி குறைந்தவரும், தொழிற்களத்திற் பெற்ற அனுபவத்தைப் பரிசோதனையில் மெய்ப்பித்துச் சான்றிதழ் பெற இம்முறையில் வழியுண்டு.

அடுத்த வினா, அச்சான்றிதழ் கடல் கடந்தும் செல்லுமா என்பதாகும். தரவு மையங்கள் கொழும்பை அண்டியும், கடலடி வடங்கள் கரையேறும் சென்னையிலும் உள்ளன. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்திருந்தமையால், அண்டையிலுள்ள ஜொகூர் மாநிலத்தில் அவை பெருகின. இந்தியா 2013ஆம் ஆண்டில் தனக்கெனத் தகைமைச் சட்டகம் ஒன்றை வகுத்தது. இங்குள்ள நான்காம் படி அங்கு எப்படிக்கு நிகர் என்பதை இரு நாடுகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டாலன்றி, மட்டக்களப்பு இளைஞனின் சான்றிதழ் சென்னையில் வெறும் காகிதமாகவே நின்றுவிடும்.

நாடுகள் கூடித் தொழில் கற்பித்தல் புதுமையன்று. கொழும்புத் திட்டம் 1951இலும், இந்தியாவின் தொழினுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் 1964இலும் தொடங்கின. ஜேர்மனியின் உதவியால் எழுந்த பயிற்சி நிறுவனம் ஒன்று 2016இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர், கணவரை இழந்த மட்டக்களப்புப் பெண்களுக்கு அகமதாபாத்தின் சேவா அமைப்பு, இந்திய அரசின் உதவியுடன் தொழிற்பயிற்சி அளித்தது.

அதற்கும் முன்னரே இம்மண்ணில் ஒரு சான்று உண்டு. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள், கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றவர். அவரே 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். மதுரை அளித்த பட்டத்தை ஈழம் மதித்தது. ஏனெனில் அப்பரீட்சையின் தரம் இரு கரையாருக்கும் தெரிந்திருந்தது. தொழிற்சான்றிதழுக்கும் வேண்டுவது அத்தகைய நம்பிக்கையே.

அந்நம்பிக்கை பிறக்க மூன்று காரியங்கள் நிறைவேற வேண்டும். முதலாவது, பயிற்சிக் கூடங்களில் படம் காட்டிக் கற்பியாது, கழற்றிப் பூட்டத்தக்க மெய்யான மின்கலத் தொகுதியும் குளிரூட்டற் பொறியும் இருத்தல். இரண்டாவது, பொருளைத் தமிழில் தெளிவாக உணர்த்தி, பொறிகளின் கையேட்டைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலமும் புகட்டல். மூன்றாவது, பயிற்சியின் ஒரு பகுதியை இயங்கும் தரவு மையத்திலேயே பெறுமாறு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செய்தல். இவ்வாய்ப்புகள் பெண்களுக்கும் சமமாகத் திறந்திருத்தல் வேண்டும்; அளவுமானியைக் கவனிப்பதற்கும் சுற்றைச் சோதிப்பதற்கும் வேண்டியது கூர்மையே.

பெற்றோரும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். வெளிநாட்டு வேலை என்று பணம் கேட்போரிடம் காணியை ஈடுவைத்துக் கொடுக்குமுன், அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தறிய வேண்டும். பிள்ளை கற்கப்போகும் பாடநெறி தேசிய தொழிற்றகைமையில் எப்படிக்கு உரியது என்பதையும் சேருமுன்னரே கேட்டறிதல் வேண்டும். கூலியாளாகக் கடல் கடப்பதற்கும் தொழிலறிந்தவனாகக் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியிருக்கிறது.