மரத்தின் உச்சியிற் சலோபாதை

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்திலே, கல்லடிக்குத் தெற்கே அமைந்த நாவற்குடாவில், வீட்டு வளவுகள் நாளுக்கு நாள் சிறுத்து வருகின்றமையால், விழுந்த இடத்தில் விழட்டும் என்று முன்னாளில் அடியோடு தறித்துவிட்ட மரங்களை இப்பொழுது உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, வடத்திற் கட்டி இறக்கவேண்டியிருக்கிறது. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியில் தென்னந்தோட்டங்கள் தரைமட்டமானதைக் கண்ட முதியோர், கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கும் கொப்பை மாரி பிறக்கும்வரை விட்டுவைக்கச் சம்மதியார். இவ்வாறு மரந்தறிக்க அழைக்கப்பட்டுக் காலையில் ஏறியவர் நண்பகல் வரை மரத்திலே இருக்கிறாரே, அவருக்கு இடையிற் சலோபாதை நேர்ந்தால் என் செய்வார்? நகைப்புக்கு இடமாகத் தோன்றும் இவ்வினா, கயிற்றின் நுட்பத்தையும் சரீர சாத்திரத்தையும் ஒருங்கே தொடுவதாகும்.

தேங்காய் பிடுங்குவோருக்கு இத்தொல்லை பெரிதன்று. தளைநாரைக் காலில் மாட்டி ஏறுபவர் வட்டுக்குட் சென்று குலையை வெட்டி வீழ்த்திவிட்டுச் சில நிமிடத்தில் இறங்கிவிடுவார். அடுத்த மரத்துக்குப் போகுமுன் வேலியோரம் ஒன்று போதும். களுத்துறைப் பகுதியில் தென்னங்கள் இறக்குவோர் நிலை வேறு. மரந்தோறும் ஏறியிறங்கும் சிரமத்தைத் தவிர்க்கும்பொருட்டு, அவர்கள் மரத்துக்கு மரம் தும்புக்கயிற்று வடங்கள் இரண்டைக் கட்டி, கீழ்வடத்தில் அடிவைத்து மேல்வடத்தைக் கையாற் பற்றி, வட்டுக்கு வட்டு ஆகாயமார்க்கமாகவே நடந்து, சேர்ந்த கள்ளைக் கயிற்றிற் கட்டித் தரைக்கு அனுப்புவர். இறங்காமல் இருப்பதற்கென்றே அமைந்த தொழில் இது. கீழே நிற்பது பிறர் பருகப்போகும் பானம் நிறைந்த பாத்திரம் என்பதையும் வாசகர் மறத்தலாகாது.

மா, வேம்பு, வாகை முதலிய கிளைத்த மரங்களில் முறைப்படி வேலை செய்வோர் இடுப்பிலும் இரு தொடைகளிலும் அகன்ற வார்களைப் பூட்டி, மேற்கவரொன்றின் வழியே இட்ட கயிற்றில் தொங்குகின்றனர். அவர்களது உயிரைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு முடிச்சு. மெல்லிய கயிறொன்றைத் தடித்த கயிற்றின்மேல் மும்முறை சுற்றி முடிந்தால், பாரம் விழும்போது அது இறுகிப் பிடிக்கும். பாரம் நீங்கியதும் விரலால் நகர்த்த இணங்கும். ஒஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931இல் இதனை விளக்கி எழுதினார். இவ்வகை முடிச்சுகளின் தயவால் இறங்குதல் ஒரு நிமிட வேலை. மீண்டும் ஏறுதலே மூச்சை வாங்குவது. அதனாலேயே ‘சற்றுப் பொறுத்துக்கொள்வோம்’ என்ற எண்ணம் தலைப்படுகிறது. சிலர் மூடியுள்ள அகன்ற வாய்ப் போத்தலொன்றை வாரில் தொங்கவிடுகின்றனர். பெண்களுக்கெனப் புனல் போன்ற சாதனமும் உண்டு. எதைக் கையாண்டாலும், இயந்திர வாளை நிறுத்தித் தொங்கவிடாமலும், மரத்தைச் சுற்றிய குறுங்கயிற்றை மாட்டாமலும் இருத்தல் ஆகாது. இடுப்பு வாரை அவிழ்ப்பதோ கூடவே கூடாது. என் அபிப்பிராயத்தில் இறங்கிவிடுவதே உத்தமம். மரத்திலேயே வாழும் தென்னமெரிக்க ஸ்லோத் என்னும் மந்த விலங்குகூட, மிருகங்களின் வாய்க்கு அஞ்சாமல், வாரத்துக்கு ஒருமுறை இதன்பொருட்டுத் தரைக்கு வருகிறது.

ஆயினும் பெரிய அபாயம் அடக்கிக்கொள்வதில் இல்லை. சிறுநீரகங்கள் சாதாரணமாக மணிக்கு ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் சலத்தைப் பிரிக்கின்றன. சலப்பையில் 200 மில்லிலீற்றர் அளவு சேர்ந்ததும் உந்துதல் தோன்றும். 400, 500 வரை பொறுக்கலாம். இக்கணக்கின்படி மூன்று மணி நேரத்துக்கு மேல் மரத்தில் இருப்பவர் உந்துதலை உணரவேண்டும். ஆனால் கடும் வெயிலில் கடும் உழைப்புச் செய்பவருக்கு மணிக்கு ஒரு லீற்றர் வரை வியர்வை வெளியேறக்கூடும். உடனே மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி ஒருவகை ஓமோனை இரத்தத்தில் விடுக்க, அதன் ஏவலின்படி சிறுநீரகம் நீரை மீட்டு உடலுக்கே அளித்துவிடுகிறது. வெளிவருவது சிறிது, அதுவும் கருமஞ்சள் நிறத்தது. ஆகவே, காலை முழுதும் இறங்காமல் வேலை செய்தேன் என்று பெருமை பேசுபவரே கவலைக்குரியவர். இறங்க நேருமே என்று அஞ்சி முன்கூட்டியே நீரருந்தாமல் ஏறுபவரோ அபாயத்தைத் தாமே இரட்டிப்பாக்குகிறார். நீர் குறைந்த உடலில் தலை சுழலும், கவனம் சிதறும். கையிலிருப்பதோ சுழலும் வாள். இவ்வழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் வந்து சேரும்.

பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டின் வேலைத்தல ஒழுங்குவிதிகள், தற்காலிக வேலைத்தலங்களிலும் இயன்றவரை மலசலகூடமும் குடிநீரும் அமைத்துக் கொடுக்கும்படி விதிக்கின்றன. நம்மிடத்தில் நாட்கூலிக்கு வருபவருக்கு வேலைத்தலம் என்பது பிறர் வீட்டு முற்றம். அங்கே பெண்டிர் இருப்பர், மலசலகூடமோ வீட்டுக்குள் இருக்கும். கேட்கக் கூசி அவர் வாளாவிருப்பார். நாமும் தேநீர் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். ஆகையால் அடுத்த முறை மரந்தறிக்க ஆள் வரும்போது, அவர் ஏறுமுன்பே மலசலகூடத்தைக் காட்டி, ஒரு குடம் நீரை நிழலில் வைத்து, வாளுக்கு எண்ணெய் ஊற்றும் வேளையெல்லாம் அவரையும் இறங்கி வரும்படி வீட்டுக்காரரே கூப்பிடுங்கள்.